கல்லறைக்கு நீல எழுத்து

கால்சா, பலேர்மோ
12.08.2024

மடு மாதா துணை

என் அன்புத் தம்பி கொட்வினுக்கு,

நீயும் பிரசாந்தினியும் பிள்ளை தர்சனாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நாள் தவறாமல் மன்றாடுகிறேன். என் முழங்கால் என்னைப் போலவே முறைப்பாடு சொல்லிச் சொல்லி வேலை செய்கிறது. வேறு குறை இல்லை.

வாட்ஸ்அப் இருக்க அக்காவுக்கு ஏன் இந்த விசர் என்று நீ சிரிப்பாய். காரணம் இருக்கிறது, கேள்.

உயிர்த்த ஞாயிறு தொடக்கம் கால்சாவில் ஒரு வயதுபோன சிஞ்ஞோராவுடன் தங்கி, அவரைப் பார்த்து வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? பெயர் வினிஃபிரட். எண்பத்தைந்து வயது. பலேர்மோக்காரரைவிட நன்றாகத் திட்டுவார், அதனால் அவரை இந்த நாட்டுக்காரி என்றே நினைத்திருந்தேன். போன கிழமை நீ அனுப்பிய தேயிலைப் பொதி வந்தது. மேசையில் வைத்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சிஞ்ஞோரா பூதக்கண்ணாடியைப் பிடித்து உன் விலாசத்தை வாசித்துக்கொண்டு நிற்கிறார்.

"உன்ரை தம்பி செயின்ற் ஹெலன்ஸிலை என்ன செய்யிறான்?"

"வேலை செய்யிறான். சிஞ்ஞோராவுக்கு அந்த இடம் தெரியுமோ?"

"தெரியுமோவோ! நான் அங்கைதான் பிறந்தனான்!"

எனக்குக் கையில் இருந்த மீன் நழுவிவிட்டது. தகப்பன் அங்கே கண்ணாடித் தொழிற்சாலையில் வேலையாம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்த ஒரு சிசிலிக்காரனைக் கட்டி, அறுபத்திரண்டாம் ஆண்டு இங்கே வந்துவிட்டாராம். தங்கச்சி ஒருத்தி, மொனிகா. எழுபத்தொன்றில் தாய் எலன் செத்தபோது சிஞ்ஞோராவின் மகன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான், அவரால் போக முடியவில்லை. மொனிகா ஒரே ஒரு வரி எழுதினாராம்: "அம்மாவைப் புதைச்சாச்சு, இனி நீ வரத் தேவையில்லை." அதோடு சரி.

மொனிகா உயிரோடு இருக்கிறாரா, கோபம் தீர்ந்ததா? இது ஒன்றுதான் சிஞ்ஞோராவுக்குத் தெரியவேண்டும். மிலானோவில் இருக்கும் மகன் பழைய கதையை விடச் சொல்கிறானாம். இருதயம் களைத்துவிட்டது, இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டொத்தோரே என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். சிஞ்ஞோராவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

போனில் ஒருவன் பேரன் என்று சொல்லி ஏமாற்றியதில் இருந்து, போனில் வருவதெல்லாம் கள்ளனின் கதை என்பது அவருடைய முடிவு. காகிதத்தில் வந்தால்தான் நம்புவாராம். அதனால் இதோடு வைத்திருக்கும் அவர்களின் பழைய வீட்டு விலாசத்தைக் கொண்டு தேடிப் பார்த்து, அந்த ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கையால் எழுதி அனுப்பு. நான் அவருக்கு இத்தாலியனில் வாசித்துக் காட்டுவேன்.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா
றோசமலர்

&nbsp;

செயின்ற் ஹெலன்ஸ்
31.08.2024

அன்புள்ள அக்கா,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் ஆரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே கிழித்து வாசித்தேன். நாங்கள் மூவரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள், செபம் மட்டும் காணாது.

சிஞ்ஞோராவுக்காக இணையத்தில் பார்த்து எழுதுகிறேன். இது தனிப் பட்டினம் இல்லை, 'பரோ' என்கிறார்கள். நடுவில் செயின்ற் ஹெலன்ஸ், சுற்றிவர ரெயின்ஹில், ஹேய்டொக், நியூற்றன் என்று சின்ன ஊர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கவுன்சில். சனத்தொகை ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம். சிலுவையைக் கண்டெடுத்த எலேனம்மாளுக்குக் கட்டிய சின்னக் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊராம். நிலத்துக்குக் கீழே நிலக்கரி, மேலே கண்ணாடி, இரசாயனத் தொழிற்சாலைகள், சரக்குக்கு வாய்க்கால். ரெயில் எஞ்சின்களுக்கு ரெயின்ஹிலில்தான் முதல் பந்தயம் வைத்தார்களாம். கடைசிச் சுரங்கத்தைத் தொண்ணூற்று மூன்றில் மூடிவிட்டார்கள். ஒரு பழைய சுரங்கத்தின் மண்மேட்டில் கண் மூடிய பெண்பிள்ளையின் வெள்ளைத் தலையொன்றைத் தென்னை உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது தினமும் பார்க்கிறேன். எனக்கும் அவளுக்கும் ஒரே நித்திரைக் களை.

அவர்கள் இருந்த தெருவுக்குப் போனேன். தெருவே இல்லை, அக்கா. தொழிற்சாலை ஆட்களைக் குறைத்த காலத்தில் வீடுகளை இடித்துவிட்டார்களாம். இப்போது அது ஒரு சுப்பர்மாக்கற்றின் கார் நிறுத்துமிடம். கோயிலில் விசாரித்தேன். "கலியாணம் கட்டின பேர் தெரியாமல் எந்த மொனிகாவைத் தேடுறது?" என்று பாதர் சிரித்தார். அவர் சிரித்ததும் சரிதான்.

எங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆறு வருடத்துக்கு முந்தி நாங்கள் பலேர்மோவை விட்டு வெளிக்கிட்ட அன்று, உங்களுக்கு வேலை, விமான நிலையத்துக்கு வரமுடியாது என்று சொன்னீர்களே, ஞாபகமா? "ஞாயிற்றுக்கிழமையிலை மச்சாளுக்கு அப்பிடி என்ன வேலை?" என்று பிரசாந்தினி இன்றைக்கும் என்னைக் கேட்பாள்.

நலமாக இருங்கள்.

தம்பி
கொட்வின்

&nbsp;

கால்சா
15.09.2024

அன்புத் தம்பி,

உங்கள் மூன்று பேருக்கும் சாந்தா றொசாலியாவின் ஆசீர் கிடைக்கட்டும். நாலாம் திகதி வெறுங்காலோடு அவவின் மலைக்கு ஏறினேன். மொனிகா உயிரோடு இருந்தால் திரும்பவும் ஏறுவதாக நேர்ந்திருக்கிறேன். முழங்காலைப் பற்றி நீ வாய் திறக்காதே.

உன் கடிதத்துக்கு நல்ல திட்டு வாங்கினேன்.

"சனத்தொகையை ஆர் கேட்டது? உன்ரை தம்பி கவுன்சில் எலெக்சன் கேக்கப்போறானோ? கண்ணாடி தேய்ச்ச மண்ணைக் கொட்டின வெள்ளை மலையள் இருக்கோ எண்டு கேள். நானும் மொனிகாவும் ஒரு தகரத் தட்டிலை இருந்து சறுக்கினனாங்கள். தட்டு என்ரை. அவள் தன்ரை எண்டு சொல்லுவாள், நம்பாதை."

இன்னுமொரு கதையும் சொல்கிறார். தொழிற்சாலைச் சுடுதண்ணி வாய்க்காலில் விழுமாம், மாரிகாலத்திலும் ஆவி பறக்குமாம், வெப்ப நாட்டு மீன்கள் அதில் நீந்தித் திரிந்ததாம். இங்கிலாந்தில்! மருந்தின் மயக்கம் என்று நினைத்தேன். கட்டின மனிசனும் சாகும்வரை அவரைப் பொய்க்காரி என்றே சொன்னாராம்.

தெரு இடிந்ததை மட்டும் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். அந்த விலாசத்துக்குத்தான் மொனிகாவுக்கு மூன்று நத்தார் அட்டை போட்டாராம். மூன்றும் திரும்பி வந்தனவாம். "கோவத்திலை திருப்பி அனுப்பினவள் எண்டு நினைச்சன்" என்றார்.

தம்பி, இப்போது நான் சொல்வதைக் கேட்டுக் கத்தாதே. "அம்மான்ரை கல்லறையிலை ஆரும் பூ வைக்கினமோ?" என்று கேட்டார். படுக்கையில் கிடக்கிற மனிசிக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா? "ஓம் சிஞ்ஞோரா, பூவும் மெழுகுதிரியும் இருக்காம், தம்பி எழுதியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். நீ எழுதவில்லைத்தான். கார்த்திகை இரண்டு, மரித்தோர் திருநாளுக்கு முன்னம் அதை உண்மையாக்கிவிடு. தாயின் பெயர் எலன் ஃபெயர்ஹேர்ஸ்ற்.

பிரசாந்தினி கேட்டதற்கு என்ன, அவள் எப்போதும் கெட்டிக்காரி.

உன் நன்மையையே கேட்கும்
அக்கா

&nbsp;

செயின்ற் ஹெலன்ஸ்
06.10.2024

அன்பின் அக்கா,

சுகமாக இருப்பீர்கள், இப்படிப் பொய் சொல்ல உடம்பில் பலம் வேண்டுமே!

கல்லறை கிடைத்துவிட்டது. சேமக்காலைக் கந்தோரில் என் பெயர், விலாசத்தை எழுதிக் கொடுத்தேன், அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். பார்க்க மனம் கேட்கவில்லை. கல் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. எழுத்தைத் தடவித்தான் வாசிக்கவேண்டும். ஒரு போத்தலில் காய்ந்த காம்புகள் நாலு. வெள்ளை அடித்த அடையாளமே இல்லை. நம்மூர் பேசாலையில் ஒரு கல்லறை இப்படிக் கிடந்தால் அந்தக் குடும்பமே அழிந்துவிட்டது என்று சொல்வோம் அல்லவா? மொனிகா இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சிஞ்ஞோராவுக்கு இப்போது இதை வாசிக்க வேண்டாம்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். நம்மூர் முறைப்படி குறைவில்லாமல் செய்கிறேன்.

வாய்க்கால் கதை பொய் இல்லை. கோயிலில் ஒரு கிழவர், "சின்னனிலை நாங்களும் அதிலை குளிச்சனாங்கள், மீன் காலைக் கடிக்கும்" என்றார். இப்போது தண்ணி குளிர்ந்துவிட்டது. கை வைத்துப் பார்த்தேன்.

அன்புடன்
கொட்வின்

&nbsp;

செயின்ற் ஹெலன்ஸ்
03.11.2024

அன்பின் அக்கா,

மரித்த நம் ஐயா, அம்மாவுக்கும் நேற்றுத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். இங்கே எல்லாரும் நலம், எனக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. காரணம் உங்கள் சிஞ்ஞோராவின் அம்மா!

போன சனி ஞாயிறு மழை இல்லை. நானும் பிரசாந்தினியும் கம்பித் தூரிகையாலும் ப்ளீச்சாலும் கல்லை உரஞ்சினோம். கறுப்புத் தண்ணி ஓடியது, அப்படி ஒரு கறுப்பை நான் கண்டதில்லை. பிறகு பளீரென்ற வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு. எழுத்துக்கு நம்மூர் நீலம். தர்சனாவின் கை நடுங்காது, அவள்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தீட்டினாள். நேற்று செவ்வந்திப்பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, செபமாலை சொன்னோம். அந்தச் சேமக்காலை முழுவதிலும் வெளிச்சம் எரிந்த கல்லறை அது ஒன்றுதான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அக்கா. படம் வைத்திருக்கிறேன்.

உங்கள் பொய்யை உண்மையாக்கிவிட்டேன். இனி நிம்மதியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்.

தம்பி
கொட்வின்

&nbsp;

கால்சா
24.11.2024

என் ராசா,

நீ நல்லாய் இருக்கவேண்டும், உன் பிள்ளை நல்லாய் இருக்கவேண்டும். வேறு என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் நாலு நாள். அதை விடு. வந்ததும் படத்தைக் கையில் கொடுத்தேன். பூதக்கண்ணாடியால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பார், இருமல் வந்து நான் முதுகைத் தடவும்வரை நிறுத்தவில்லை.

"சீவியகாலம் முழுக்க அம்மா கறுப்புத் தூசியோடை சண்டை பிடிச்சவ, றோசா. உடுப்புத் தோய்ச்சுக் கொடியிலை போட்டால் காயமுன்னம் கறுத்துப்போகும். இப்பத்தான் மனிசிக்கு ஒரு வெள்ளைச் சீலை கிடைச்சிருக்கு!"

சிரித்த வாய் அப்படியே அழுதது. நானும் அழுதேன். இங்கே மரித்தோர் திருநாளுக்குப் பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வாங்கிக் கொடுப்பார்களே, கபோச் சந்தையில் கடைசியாக மிஞ்சிய ஒன்றை வாங்கிவரச் சொல்லிப் படத்துக்கு முன்னால் வைத்தார். அன்றைக்கு இரவு முழுத் தட்டுச் சூப்பும் குடித்தார். படத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிப்பதை நானும் ஒரு படம் எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன்.

மொனிகாவைப் பற்றித் திரும்பவும் கேட்கிறார். தேடு, தம்பி. நான் எது கேட்டாலும் நீ இல்லை என்று சொல்கிறதில்லை. அதனாலேயே உன்னிடம் சில காரியம் கேட்க எனக்குப் பயம்.

நன்றியோடு
அக்கா

&nbsp;

கால்சா
12.01.2025

அன்புத் தம்பி,

புதுவருட ஆசிகள். சுகமாக இருக்கிறாயா என்று உண்மையாகவே கேட்கிறேன், வழக்கத்துக்காக இல்லை. நத்தாருக்கும் ஒரு வரி வரவில்லை. போன் எடுத்தால் "வேலை அக்கா" என்று வைக்கிறாய். பிரசாந்தினியின் குரலும் சரியில்லை. என்னிடம் எதை மறைக்கிறாய்?

தபால்காரன் மணி அடித்தால் சிஞ்ஞோரா தலையைத் தூக்குகிறார். "உன்ரை தம்பிக்கு என்னாலை ஏதும் கரைச்சலோ?" என்று நேற்றுக் கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். இல்லைத்தானே?

மொனிகா செத்திருந்தாலும் எழுது. நான் பக்குவமாகச் சொல்வேன்.

காத்திருக்கும்
அக்கா

&nbsp;

செயின்ற் ஹெலன்ஸ்
09.02.2025

அன்பின் அக்கா,

முதலில் சுகம். உண்மையான சுகம். கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

நத்தாருக்கு முந்தின கிழமை சேமக்காலைக் கந்தோரில் இருந்து அறிவித்தல் வந்தது. அனுமதி இல்லாமல் கல்லறைக் கல்லைப் பழுதாக்கினேனாம். இந்த நாட்டில் கல்லுக்கு வெள்ளை அடிப்பது மரியாதை இல்லை, குற்றம். கந்தோரில் என் பெயரை நானே எழுதிக் கொடுத்திருந்தேன், பிடிக்கக் கஷ்டமா? என் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடிவில்லாமல் அரசாங்கத்திடம் கிடக்கிறது. பொலிசுக்குப் போனால் எல்லாம் கெட்டது. தர்சனா, "பப்பா, நான்தானே நீலம் அடிச்சனான், என்னையும் பிடிப்பினமோ?" என்று அழுதாள். உங்களுக்கு எப்படி எழுத? நீங்கள் உங்களைத்தான் நோவீர்கள்.

பிறகு, முறைப்பாடு செய்த குடும்பத்தினரோடு கதைக்க வரச் சொன்னார்கள். குடும்பத்தினர் என்ற சொல்லைப் பார்த்தும் என் மரமண்டைக்கு ஏறவில்லை, அவ்வளவு பயம். போன செவ்வாய் போனேன். சிவப்பு வெள்ளை றக்பிச் சால்வை சுற்றிய ஒரு கிழவி ஊன்றுபொல்லோடு இருந்தார். அவரின் இந்த ஊர்ப் பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. திட்டு மட்டும் முழுதாக விளங்கியது.

"எங்கடை அம்மான்ரை கல்லை ஐஸ்கிரீம் கடை மாதிரி ஆக்கிப்போட்டியே! அந்தக் கறுப்பு என்ன எண்டு தெரியுமோ உனக்கு? இந்த ஊர்ப் புகை. அம்மா சுவாசிச்ச புகை. மாசத்துக்கு ஒருக்கால் பஸ் ஏறிப் போய் அதைத் தொட்டுப்போட்டு வாறனான்!"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "எங்கடை ஊரிலை மரித்தோர் திருநாளுக்கு வெள்ளை அடிக்காட்டி, அந்தக் கல்லறைக்கு ஒருத்தரும் இல்லை எண்டு அர்த்தம். இவவுக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு காட்டத்தான் செய்தனான்" என்றேன்.

"என்ரை அம்மாவுக்கு ஆக்கள் இருக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கடை அக்கா சொன்னவ."

"எந்த அக்கா?"

"வினிஃபிரட்."

கிழவி கதிரையை என் பக்கம் இழுத்தார், அக்கா.

"வினி செத்து முப்பது வருசம்" என்றார். "நான் போட்ட அட்டையெல்லாம் ஆள் இல்லை எண்டு திரும்பி வந்தது. அவளுக்குப் பூசையும் குடுத்திட்டன்."

"இல்லை, அவ சாகேல்லை. என்ரை அக்கா அவவுக்கு நேற்றும் மீன் சூப் குடுத்தவ."

நீங்கள் அனுப்பிய படம் என் பேர்ஸில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சிஞ்ஞோரா வெள்ளைக் கல்லறைப் படத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மொனிகா படத்தைத் தன் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "இது அம்மான்ரை சிரிப்பு" என்றார். பொல்லு விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. திட்டின அதே வாயால் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். முறைப்பாட்டை அந்த இடத்திலேயே மீளப் பெற்றுவிட்டார். கல்லைப் பழையபடி ஆக்கினால் போதும் என்று கந்தோரிலும் சொல்லிவிட்டார்கள்.

கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன். "எப்பவோ தீர்ந்தது. சொல்ல விலாசம் இல்லாமல்தான் போச்சு" என்றார். இதை மட்டும் இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள்
கொட்வின்

&nbsp;

கால்சா
27.02.2025

ஐயோ என் தம்பி,

உன் வீட்டில் ஒரு குறையும் வராமல் மாதா காப்பாவ. உன்னைப் பொலிஸ் வரைக்கும் இழுத்துவிட்டேனே என்று அழுதேன். பிறகு அழுததை மறந்து சிரித்தேன்.

நீ சொன்னபடி இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரமும் கேட்டார். பிறகு, "எனக்குப் பூசை குடுத்திட்டாளோ? நல்லது, முன்கூட்டியே ஒண்டு கணக்கிலை கிடக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில், "றோசா, என்ரை உதட்டுச் சாயம் எங்கை?" நான் வந்த நாள் தொடக்கம் அவர் அதைக் கேட்டதில்லை. பூசிவிட்டேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மொனிகாவுக்கு ஒரே ஒரு செய்தி, அப்படியே சொல்லட்டாம்: "தகரத் தட்டைத் திருப்பித் தா."

நேர்த்தியைத் தள்ளிப்போடவில்லை, நேற்றே மலைக்கு ஏறிவிட்டேன். இறங்கும்போது மழை கொட்டியது. நான் நன்றி சொல்லிச் சொல்லி நனைந்தேன்.

அக்கா

&nbsp;

செயின்ற் ஹெலன்ஸ்
20.03.2025

அன்பின் அக்கா,

உங்களுக்குத் தடிமன் பிடித்திருக்கும், மழையில் நனைந்தால் வேறென்ன. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

செய்தியைச் சொன்னேன். "தட்டு என்ரை!" என்று மொனிகா பொல்லால் நிலத்தில் தட்டினார். பிறகு, "பலேர்மோவுக்கு எங்கை பிளேன் ஏறுறது?" என்று கேட்டார். எண்பது வயது, வாழ்க்கையில் விமானம் ஏறாத மனிசி. தனியே வரமாட்டாராம். "நீதானே துடங்கினாய், நீயே கூட்டிக்கொண்டு போ" என்று உத்தரவு.

ஆகவே பாஸ்காவுக்கு அடுத்த கிழமை நானும் வருகிறேன். மே நாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை திரும்புவோம். நீங்கள் கேட்கப் பயந்தது இதுவாக இருந்தால், கேட்காமலே கிடைத்துவிட்டது.

விரைவில் காண இருக்கும்
தம்பி

&nbsp;

கால்சா
18.05.2025

அன்புத் தம்பி,

பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது அறிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். வீட்டில் நீ படுத்த கட்டில் இன்னும் விரித்தபடியே கிடக்கிறது. மடிக்க மனம் வரவில்லை.

உன்னோடு திரும்பி வர மாட்டேன் என்று மொனிகா விமான நிலையத்துக்கு வெளிக்கிடும் நேரத்தில் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாரே, அந்தப் பிடிவாதம் இன்னும் குறையவில்லை. ஆடி வரைக்கும் இருப்பாராம். இரண்டு பேரும் காலையில் இங்கிலிஷில் தொடங்கினால் இரவு வரைக்கும் ஓயாது. எனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் எப்போது சண்டை, எப்போது சமாதானம் என்று சத்தத்திலேயே தெரியும். நீயும் நானும் கதைப்பது மாதிரித்தான்.

மொனிகா பெட்டிக்குள் கொண்டுவந்த தகரத் தட்டு யாருடையது என்ற வழக்கு முடியவில்லை. ஒரு நாள் சிஞ்ஞோராவின் கட்டிலில், மறுநாள் மொனிகாவின் கட்டிலில். விளிம்பெல்லாம் துரு. நேற்று அதில் வைத்துத்தான் இருவருக்கும் கோப்பி கொடுத்தேன். இரண்டு பேரும் ஒன்றாய், "கவனம், போட்டிடாதை!" என்று இத்தாலியனில் கத்தினார்கள். மொனிகா கற்றுக்கொண்ட முதல் இத்தாலியன் என்னைத் திட்டத்தான்.

டொத்தோரே வந்தார். மழைக்காலம் போய்விட்டது, இந்த மனிசி போகவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு மருந்தில் ஒன்றைக் குறைத்தார். எவ்வளவு நாளோ தெரியாது. கிடைத்த நாளெல்லாம் லாபம், தம்பி. இதெல்லாம் நீ தந்தது. நான் அதை விமான நிலையத்தில் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

உன் அக்கா

&nbsp;

செயின்ற் ஹெலன்ஸ்
08.06.2025

அன்பின் அக்கா,

நாங்கள் சுகம். நீங்கள் கட்டித் தந்த பலகாரத்தை மூன்று நாளில் முடித்துவிட்டு நாலாம் நாள் மூவரும் சண்டை பிடித்தோம்.

கல்லறையைக் கந்தோர் ஆட்களோடு நின்று கழுவினேன். பெயின்ற் எல்லாம் மெதுவாக உரிந்து வந்தது. கறுப்பு இனி இல்லை, அது திரும்பி வராது, ஊரில் புகையும் இல்லைத்தானே. கல்லின் சொந்த நிறம் இளமஞ்சள் என்று எல்லாரும் முதன்முதலாகக் கண்டோம். வெட்டிய எழுத்துக்குள் போன நீலம் மட்டும் வரவே இல்லை. தர்சனா அவ்வளவு அழுத்தித் தீட்டியிருக்கிறாள். பயந்து பயந்து மொனிகாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"கிடக்கட்டும். அது வினியின்ரை பங்கு" என்றார். கந்தோருக்கும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

பலேர்மோவில் இருந்து நான் வந்து சேர்ந்த நேரம் நடு இரவு. பிரசாந்தினி கதவைத் திறந்ததும் சுகம்கூடக் கேட்கவில்லை.

"மச்சாள் எயார்போட்டுக்கு வந்தவவே?"

"ஓம்."

"ஞாயிற்றுக்கிழமையே?"

"ஞாயிற்றுக்கிழமைதான். உள்ளுக்குப் போன பிறகும் கண்ணாடிக்கு அங்காலை நிண்டவ. நான் திரும்பித் திரும்பிப் பாத்தன். நிண்டுகொண்டே இருந்தவ."

அவள் ஆறு வருடமாகக் கேட்டதை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கார்த்திகை இரண்டுக்கு நாங்கள் மூவரும் வருகிறோம். கட்டிலை மடிக்காதீர்கள்.

உங்கள் தம்பி
கொட்வின்